கடைசிப் பக்கத்தை முதலில் திறந்த அக்கா

எங்கள் வீட்டுக் கடிதங்களையெல்லாம் வாசித்துத் தந்த அக்கா எங்களைப் பிரிந்து இன்றோடு முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலர் இருக்கிறது. நீதிபதியின் தங்கை என்று பெயர்தான் பெரிது. தபால்காரர் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும் ஆள் நான். இதை எழுதவும் பயமாகவே இருக்கிறது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாத ஒரு விடயம் இதில் இருக்கிறது.

அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்தார். ஏழு வயதில் எங்களோடு சுவிஸின் லாங்கன்தாலுக்கு வந்து, ஒரு வருடத்துக்குள் ஜெர்மன் கதைக்கத் தொடங்கிவிட்டார். அப்பா தொழிற்சாலையில், அம்மா துப்புரவு வேலையில். அகதி விண்ணப்பம் பற்றி வரும் கடிதங்களை வாசிப்பது அக்காவின் வேலை. முடிவு எப்போதும் கடைசியில்தான் இருக்கும் என்பதைக் கண்டுபிடித்து, கடைசிப் பக்கத்தையே முதலில் திறப்பார். அதைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கும் பழகிவிட்டது. கல்யாண அழைப்பிதழைக்கூட அம்மா பின்பக்கமாகத்தான் பிரிப்பார்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பதிவுத் தபால் வந்தது. கையெழுத்து வைத்து வாங்கிய அம்மா, ஈரக் கையைத் துடைக்கவும் மறந்து நின்றார்.

"என்ன பிள்ளை, நல்ல செய்தியோ?"

"ஓம் அம்மா. இன்னும் விசாரிக்கினமாம்."

அறைக்குள் வந்துதான் அக்கா எனக்குச் சொன்னார். விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யாவிட்டால் நாட்டைவிட்டுப் போகவேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டதாம். கடிதம் அக்காவின் பாடசாலைப் பைக்குள் போயிற்று. அதன்பிறகு மாடிப்படியில் யார் ஏறினாலும் பொலிஸ் என்றே நினைத்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா நகத்தைக் கடித்துக் கடித்து விரல் புண்ணாகிவிட்டது.

இருபத்தாறாம் நாள் காலையில் அக்கா அந்தக் கடிதத்தை அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். அப்பா மத்தியானமே வேலை உடுப்போடு பாடசாலை வாசலுக்கு வந்தார். ஏசவில்லை. "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, அகதிகளுக்கு உதவும் ஒரு சட்டத்தரணி அம்மையாரிடம் ஓடினார். கடைசி நாளில் மேன்முறையீடு போய்ச் சேர்ந்தது. நாங்கள் இங்கே இருப்பது அதனால்தான்.

அக்கா பேர்னில் சட்டம் படித்தார். 2009இல், அகதி மேன்முறையீடுகளை விசாரிக்கும் சமஷ்டி நிர்வாக நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பிறகு நீதிபதியானார். வன்னிப் போரிலிருந்து தப்பி வந்தவர்களின் கோப்புகள் மேசைக்கு வந்த காலம் அது. கோயிலில் சிலர் எங்களைக் கண்டால் கதையை நிறுத்துவார்கள். ஒருமுறை மண்டப வாசலில் ஒருவர் கடித உறையோடு அக்காவை மறித்தார்.

"அண்ணை, இதை என்னட்டைத் தரக்கூடாது. தந்தா நான் உங்கட வழக்கிலயிருந்து விலக வேணும். சட்டத்தரணியிட்டைக் குடுங்கோ. நாள் தவற விடாதேங்கோ."

தீர்ப்பில் ஒப்பமிட முன்பு கடைசிப் பக்கத்தை எழுத்தரைக் கொண்டு உரக்க வாசிப்பித்துக் கேட்பது அக்காவின் வழக்கம். "இதை எங்கயோ ஒரு பிள்ளை தாய்க்கு வாசிச்சுக் காட்டப்போகுது" என்பார். அவர் ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. அதை மறைத்து எழுதினால் அக்காவே ஏசுவார். பயமில்லையா என்று கேட்டேன். "பயமில்லாமக் கையெழுத்து வைக்கிற நாளில நான் வேலையை விட்டிடுவன்" என்றார்.

நோய் வந்தபிறகு அவரால் வாசிக்க முடியவில்லை. வைத்தியசாலைக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். இனிச் சிகிச்சை பயன் தராது என்றிருந்தது. எழுத்துகள் கலங்கின.

"இன்னும் பரிசோதிக்கினமாம் அக்கா" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். "அது என்ர பொய், பிள்ளை. நீ வாசி."

வாசித்தேன். அன்று மத்தியானம் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, அவரே ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா போனபிறகு என்னிடம் சொன்னார்: "மற்றக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல இப்பவும் பயமாக் கிடக்கு. அதை நீ சொல்லு."

கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், முறை வைத்துச் சமைத்துத் தந்த அயலவருக்கும், பூவோடு வந்து பின்வரிசையில் அமைதியாக இருந்த நீதிமன்றத் தோழர்களுக்கும், அந்தச் சட்டத்தரணி அம்மையாருக்கும் எங்கள் நன்றி.

அம்மா, இந்த மலரையும் நீங்கள் பின்பக்கமாகத்தான் திறப்பீர்கள். அதனால் உங்களுக்கானதை இங்கே, கடைசிப் பக்கத்தில் வைக்கிறேன். பன்னிரண்டு வயதில் அக்கா உங்களுக்கு ஒரு கடிதத்தைப் பிழையாக வாசித்தார். வேண்டுமென்றுதான் செய்தார். இனி முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள், அம்மா. நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.