பத்து முழத் தண்ணீர்க் கணக்கு

இன்று புத்தூர் பஸ்ஸில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டு வந்தேன்.

கணக்கு இதுதான். கிணற்றில் பத்து முழம் தண்ணீர். பகல் இறைப்பில் மூன்று முழம் இறங்கும். இரவில் இரண்டு முழம் ஊறும். எத்தனையாம் நாள் வற்றும்?

நாளுக்கு ஒரு முழம் குறைகிறது, ஆகவே பத்தாம் நாள். அப்படி எழுதிய எல்லோருக்கும் சரி போட்டேன்.

பக்கத்தில் இருந்த புகையிலைத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பிழை வாத்தியார். எட்டாம் நாள்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் விரலை மடித்தார்.

"ஏழு இரவு கழிஞ்சால் மிச்சம் மூண்டு முழம். எட்டாம் நாள் பகல் துலா இறைச்சு அதையும் வழிச்சுப் போடும்."

"எப்பிடி இவ்வளவு கெதியாச் சொன்னியள்?"

"உது என்ரை கிணத்துக் கணக்குத்தான். இண்டைக்கு ஏழாம் நாள். அடி தட்டினால் பிறகு ஊறுறது உவர்த் தண்ணி."

"நாளைக்கு இறைக்காமல் விடுங்கோவன்."

"நான் விட்டால் பக்கத்துக் காணிக்காரர் விடுவினமோ? ஊத்து எல்லாருக்கும் ஒண்டுதானே."

இணுவிலில் இறங்கி வீட்டுக்கு வந்ததும், கயிற்றில் முழத்துக்கொரு முடிச்சுப் போட்டு எங்கள் கிணற்றில் இறக்கினேன். மூன்று முடிச்சுத்தான் நனைந்தது. அடி முடிச்சை நாக்கில் வைத்தேன். உவர்த்தது.

நண்பர்களே, உங்கள் கிணற்றிலும் கயிறு விட்டு, அடி முடிச்சை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். எத்தனை முழம் என்று நான் கேட்கவில்லை.