மேகம் கலையும் வரை

மேகத்துக்கு மேலே நின்றுகொண்டு அதைக் குனிந்து பார்க்கலாம் என்று என் கணவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. அவர் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார். வருஷா வருஷம் தை மாதத்தில் மாணவர்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போவார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சுத்தான். அங்கே ராஜகிரி மலை உச்சியில் பொழுது விடியும்போது ஊர், வயல், ஏரி எதுவும் தெரியாதாம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று மேகம் கிடக்குமாம். சுற்றியிருக்கும் குன்றுகள் மட்டும் தீவு மாதிரி தலையை நீட்டிக்கொண்டிருக்குமாம். நான் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்பேன். நாலு வருஷம் கேட்டேன். ஐந்தாவது வருஷம், "நான் அதைப் பார்க்க வேண்டாமா?" என்றேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு விஷயம் அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை, பாவம்.

அது முப்பதுகளின் நடுப்பகுதி. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டில் மூன்றே பேர்: நான், அவர், அவருடைய அக்கா. அக்கா பதினேழு வயதில் கணவனை இழந்து, தலையை மழித்துக்கொண்டு, வெள்ளைப் புடவையோடு தம்பியிடம் வந்து சேர்ந்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சமையலறை அவருடையது, பூஜை அறை அவருடையது, மடி ஆசாரம் முழுக்க அவருடையது. மாதத்தில் மூன்று நாள் எனக்குக் கொல்லைப்புற அறை, தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு பாய். நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். இதற்காக அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் கரியால் கோடு போட்டு என் நாட்களைக் கணக்கு வைத்திருந்தார். என் உடம்பின் கணக்கு எனக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தக் கதவுக்குத் தெரியும்.

அந்த மூன்று நாட்கள் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதை எல்லாம் நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஹைகோர்ட்டின் மேலிருந்த கலங்கரை விளக்கத்தில் ஏற அழைத்துப் போனார்கள். எனக்கு முதல் நாள், போகவில்லை. என் தங்கைக்கு மாம்பலத்தில் கல்யாணம். பின்கட்டு அறையில் உட்கார்ந்து, கெட்டிமேளம் கேட்டபோது தாலி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டேன். இதற்கெல்லாம் எனக்குக் கோபம் உண்டு. இன்றும் உண்டு. வயதானால் கோபம் ஆறிவிட வேண்டும் என்று யார் சொன்னது?

செஞ்சிக்குப் போகலாம் என்றதும் அக்கா மறுப்பார் என்று நினைத்தேன். மலை மேலே பாழடைந்த பெருமாள் கோயில் ஒன்று இருக்கிறது என்று இவர் சொன்னார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "இடிஞ்சு கிடந்தா என்ன? பெருமாள் இருந்த இடம். நானும் வரேன்" என்றார். மாணவர்கள் போய் வந்த பிறகு நாங்கள் மூவர் மட்டும் போவதாக முடிவாயிற்று. கரிக்கோடுகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்து அக்காவே தேதி குறித்தார். அந்தத் தேதியிலிருந்து என் நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

எழும்பூரில் ரயிலேறித் திண்டிவனத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஒரு ஓட்டை பஸ். சாயங்காலம் செஞ்சியில் ஒரு சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனபோதுதான் தெரிந்தது. நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்டது.

கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சத்திரத்தின் ஒரு மூலையில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர்கள் இருவரும் மலையேறுவார்கள். இவர் இறங்கி வந்து, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பார். எனக்கா அடுத்த வருஷம் கிடைக்கப் போகிறது? அந்த ஒரு தடவைக்கே ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பெட்டியின் அடியில் பழைய வேட்டித் துணி கொண்டுவந்திருந்தேன். உள்ளே போய் அக்காவிடம் வயிற்றைப் புரட்டுகிறது, பஸ்ஸில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாடு வேண்டாம் என்றேன். எல்லாரையும் விட்டுத் தள்ளிப் பாயைப் போட்டுக்கொண்டேன்.

கருக்கலில் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். இவர் முன்னால், அக்கா நடுவில், நான் கடைசியில். கல் படிகள் ஒரே உயரமாக இல்லை. சில முழங்கால் அளவுக்கு இருந்தன. இடுப்பு விட்டுப்போயிற்று. அக்காவோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினார். இருபது வருஷமாகக் கோயிலையும் குளத்தையும் தவிர எங்கும் போகாத கால்கள் அவை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்திருந்தது. குறுக்கே பலகை போட்டிருந்தார்கள். நடுப்பலகையில் வலி சுருட்டிப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன்.

மேலே போனபோது கிழக்கு வெளுத்திருந்தது.

இவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் பாதியைக்கூடச் சொல்லவில்லை. மேகம் சும்மா கிடக்கவில்லை. மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. எதிர்க்குன்றின் மேல் இடிந்த மதில் ஒன்றில் முட்டி, மேலேறி, அந்தப் பக்கம் வழிந்தது. கீழே எங்கோ கோழி கூவியது, ஒரு நாய் குரைத்தது. சத்தம் வந்தது, ஊர் இல்லை. வெயில் பட்டதும் மேல்விளிம்பு முழுக்க ரோஸ் நிறமாக மாறிற்று. இவர் எந்த ராஜா எந்தச் சுவரைக் கட்டினான் என்று ஆரம்பித்தார். "கொஞ்சம் சும்மா இருங்கோ" என்றேன்.

அக்கா கைகூப்பிக்கொண்டு நின்றார். "பாற்கடல்னு சொல்றாளே, இதுதாண்டி அது" என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோயில் பக்கத்திலேயே இருந்தது. கதவில்லை, கூரையில் பாதி இல்லை, கர்ப்பக்கிருகத்தில் பெருமாளும் இல்லை. அக்கா பையிலிருந்து அகல், திரி, நெய் டப்பா எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் ஏத்தப்படாது. நீ சுமங்கலி, நீ ஏத்து" என்றார்.

ஏற்றியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அகலைக் கையில் எடுக்கக் குனிந்தும் விட்டேன். அப்போதுதான் எனக்குப் பட்டது, இதை ஏற்றிவிட்டால் நான் பார்த்த அத்தனையும் திருடிப் பார்த்ததாக ஆகிவிடும் என்று. நான் எதையும் திருடவில்லை. என் கால், நான் ஏறினேன்.

"அக்கா, நான் நேத்து சாயங்காலத்திலேர்ந்து தூரம்" என்றேன்.

அக்கா இரண்டடி பின்னால் போனார்.

"என்னடி சொல்றே? தெரிஞ்சேவா ஏறினே?"

"தெரிஞ்சுதான் ஏறினேன்."

"பெருமாள் சந்நிதிடீ இது!"

"பெருமாள் எங்கே இருக்கார், காட்டுங்கோ. அவர் போய் எத்தனை காலமாச்சோ. சுவரும் நான் வந்து இடியலை, ஏற்கெனவே இடிஞ்சுதான் கிடக்கு."

"கீழே இறங்கு. இப்பவே இறங்கு."

இவர் எங்கள் இருவருக்கும் நடுவில் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். "போயிடலாமே" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். கோட்டைகளை முற்றுகை போட்டவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற மனிதர். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"அக்காவை அழைச்சுண்டு நீங்கோ இறங்குங்கோ. மேகம் கலையற வரைக்கும் நான் வரப்போறதில்லை" என்று சொல்லிவிட்டு மதில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கினார். இவர் நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவர் பின்னால் போனார்.

தனியாக இருந்தேன். பிறந்ததிலிருந்து அப்படித் தனியாக ஓர் இடத்தில் நான் இருந்ததில்லை. கொல்லைப்புற அறையைச் சொல்லாதீர்கள், அது வேறு. வெயில் ஏற ஏற மேகம் மேலே எழும்பிற்று. ஒரு கட்டத்தில் மலையைச் சுற்றி வளைத்துக்கொண்டு என் மேலேயே வந்து போயிற்று. முகம், முடி, புடவை எல்லாம் நனைந்தன. அது விலகியபோது கீழே ஒரு பொத்தல் விழுந்தது. அதற்குள் ஈரமான நெல்வயல் ஒரு துண்டு தெரிந்தது, வரப்பில் கூடையோடு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். அவள் என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. பிறகு ஏரி, பிறகு பனைமரங்கள், கடைசியில் ஊர். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் எழுந்தேன்.

கீழே அக்கா குளத்தில் புடவையோடு முழுகிவிட்டு, தை மாதக் குளிரில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். முதல் நாள் ராத்திரி சத்திரத்தில் என்னோடு ஒரே கூரையின் கீழ் படுத்த தீட்டுக்காகவும் சேர்த்து இரண்டு தடவை முழுகினாராம். எழும்பூர் வரை தும்மிக்கொண்டே வந்தார். எனக்குப் பரிதாபமாக இருந்தது. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் பேச்சு இல்லை. சாதம் போடுவார், முகம் பார்க்க மாட்டார். உறவினர் யாரிடமும் இதைச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பங்குனியில் ஒரு மத்தியானம், முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல் கேட்டார்:

"மேகம் கலைஞ்சப்புறம் கீழே என்ன தெரிஞ்சுது?"

"சொல்ல மாட்டேன்."

"ஏண்டி?"

"பாதியிலே இறங்கினது நீங்கோதானே. வேணும்னா வந்து பாருங்கோ, நான் அழைச்சுண்டு போறேன். ஆனா கிளம்பறச்சே எனக்கு எத்தனாம் நாள்னு கேக்கப்படாது."

முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த தை பிறந்து நாலைந்து நாளில், தம்பிக்கு மோர் ஊற்றும்போது, "காலேஜுக்கு என்னிக்கு லீவுன்னு சொல்லு, அன்னிக்கே போயிட்டு வந்துடலாம்" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழும்பூரில் வண்டி ஏறியதும் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டு, அதில் புளியோதரைத் தூக்கை வைக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டில் தீட்டுப் படாமல் எதற்கும் இருக்கட்டும் என்றுதான். வழி முழுக்க ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று எனக்கு இரண்டாம் நாள்.