ஆறாம் நம்பரில் தனி ஆட்டம்

விளையாட்டு என்றால் நாலு பேர் சேர்ந்து ஆடுவதுதான் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். நாலு பேர் ஆடட்டும், நாற்பது பேர் ஆடட்டும், எனக்கென்ன? தனியாக ஆடுகிறவனைப் பார்த்து, 'பாவம், கூட்டாளி யாருமில்லை போல' என்று உச்சுக்கொட்டுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியாது. எனக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள். தேவைக்கு மேலேயே இருந்தார்கள். அதனால்தான் தனியாக ஆடினேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. செல்போனில் கூப்பிட்டு உடனே வைத்துவிடும் மிஸ்டு கால் காலம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் சூளை வேலை பார்த்தேன். வீட்டுக் கரண்டு பெட்டியில் வெள்ளையாக ஒரு பியூஸ் கட்டை இருக்குமே, அது செய்கிற இடம். நாங்கள் எட்டுப் பேர் ஒரு செட்டு. அடுக்குவது, சூளையைப் பற்றவைப்பது, காவல் இருப்பது, பிரிப்பது எல்லாமே எட்டுப் பேரும் சேர்ந்துதான். தண்ணீர் குடிக்க நகர்ந்தால்கூட, "எங்கடா போற?" என்று ஏழு வாய் கேட்கும்.

வீட்டுக்கு வந்தால் இரண்டு அறையில் ஒன்பது பேர். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அவர்களுடைய நாலு பிள்ளைகள், நான். குளிக்கிற இடத்துக்குக் கதவு இருந்தது, ஆனால் அதைத் தட்டாமல் யாராவது விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு சட்டை வாங்கினால் அதை முதலில் போட்டுப் பார்ப்பது சித்தப்பா. யார் மேலும் எனக்குக் குறை கிடையாது, எல்லாரும் நல்லவர்கள்தான். நல்லவர்களிடமிருந்தும் ஒரு மூன்று மணி நேரம் தள்ளியிருக்கத் தோன்றும் இல்லையா?

ஜங்ஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர். ஆறையும் வயர் போட்டு ஒன்றோடொன்று இணைத்திருந்தார் ஓனர். ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட் பார்க்கவும் வேலைக்கு அப்ளிகேஷன் போடவும் ஆட்கள் வர மாட்டார்கள், கேம் ஆடத்தான் வருவார்கள். ஐந்து கம்ப்யூட்டரில் பாலிடெக்னிக் பையன்கள் ஐந்து பேர் உட்கார்ந்து ஒருவனை ஒருவன் சுட்டுக்கொண்டிருப்பார்கள். சுவரோரத்தில் இருந்த ஆறாம் நம்பர் என்னுடையது. ஹெட்போனில் இடது காது மட்டும்தான் கேட்கும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நான் ஆடியது கதை உள்ள கேம். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் ஒரு சிப்பாயை அவனுடைய ஆட்கள் செத்துவிட்டான் என்று நினைத்து விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவன் எழுந்து, நடந்து, அவர்களைத் தேடிப் போக வேண்டும். மொத்தம் பதினாலு கட்டம். பேசுகிற இங்கிலீஷ் பாதிதான் எனக்குப் புரியும், மீதியை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன். விட்ட இடத்தை சேவ் செய்து வைத்துக்கொண்டு அடுத்த வாரம் அங்கிருந்தே தொடரலாம். ஆனால் அந்த சேவ் ஆறாம் நம்பருக்குள் மட்டும்தான் இருக்கும், வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். ஏழு மாதத்தில் பதிமூன்று கட்டம் முடித்திருந்தேன். நான் மெதுவாக ஆடுகிறவன். அதிலென்ன வெட்கம்?

பையன்களுக்கு என்னால் ஒரு தொல்லை இருந்தது, அதை மறைக்கவில்லை. ஐந்து பேர் என்றால் மூன்றுக்கு இரண்டு. சமமாக வராது. நான் ஒருவன் சேர்ந்தால் மூன்றுக்கு மூன்று. வாராவாரம் அவர்களில் உயரமான ஒருவன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான்.

"அண்ணே, ஒரு ஆளு கொறையுதுண்ணே. ஒரே ஒரு ஆட்டம் வாங்களேன்."

"நான் ஆடிக்கிட்டுதான இருக்கேன்."

"தனியா ஆடறதெல்லாம் ஒரு ஆட்டமாண்ணே? போரடிக்கலையா?"

"நீ கேக்கறப்பதான் போரடிக்குது."

ஒரு தடவை, தொல்லை தாங்காமல், சரி என்று அவர்களோடு ஆடினேன். தொடங்கி ஒரு நிமிஷத்துக்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள். மறுபடி ஆட்டம், மறுபடி அதே சுவர், அதே சந்து, அதே சிரிப்பு. ஒருவன் என்னைச் சுட்டுவிட்டு, "அண்ணன் அவுட்டு" என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினான். ஜெயித்தவன் எங்கேயும் போய்ச் சேரவில்லை, தோற்றவனும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. எத்தனை ஆட்டம் ஆடினால் முடியும் என்று கேட்டேன். முடியவே முடியாது, அதுதான் அதில் ஜாலியே என்றார்கள். முடியாத காரியத்தை வாரத்தில் ஆறு நாள் யூனிட்டில் செய்துகொண்டுதான் இருந்தேன். மறுபடி ஆறாம் நம்பருக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஓனர் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா சிஸ்டத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடப்போறேன். இனிமே சேந்து ஆடற கேமு மட்டும்தான். உன்னோட கதை கேமு இருக்காது, சொல்லிட்டேன்."

"ஏண்ணே?"

"அத ஆட யாரு இருக்கா? நீ ஒருத்தன்தான்."

"ஒருத்தன்னா ஆளு இல்லியா?"

அவர் சிரித்தார். ஒரே ஒரு கட்டம் பாக்கி. சிப்பாய் மலை ஏறிவிட்டான், அந்தப் பக்கம் இறங்கினால் அவனுடைய ஆட்கள் இருக்கிற முகாம். அதற்கு எனக்கு நாலைந்து மணி நேரமாவது வேண்டும். வாரத்தில் ஏதாவது ஒரு நாள் வந்து முடித்துவிடலாம் என்று பார்த்தால், அந்த வாரம் சூளை பற்றவைத்துவிட்டார்கள். சனிக்கிழமைவரை அசைய முடியவில்லை. மிச்சம் இருந்தது ஞாயிறு.

அந்த ஞாயிறுதான் கருவேப்பிலங்குறிச்சியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அக்காவுடன் பிறந்தவன் நான் ஒருவன்தான். குத்தி முடித்ததும் பந்தியில் முதல் இலை மாமனுக்குத்தான். மாமன் சாப்பிடாமல் எழுந்து போனான் என்றால் அந்தப் பேச்சு பத்து வருஷத்துக்கு ஓடும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

விடியற்காலையிலேயே சீர்த்தட்டுகளோடு கிளம்பிவிட்டோம். கோயிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி குத்தியதும் அவள் வீறிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை அடங்கும்வரை தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு அக்கா வீட்டு வாசலில் பந்திப் பாய் விரிக்கும்போது, மணி பன்னிரண்டு ஆகிறது என்று பார்த்துவிட்டு, அக்காவிடம் போனேன்.

"சூளைக்குப் போவணும்க்கா."

எங்கள் பக்கம் இந்த வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது. பற்றிய சூளையை ஆளில்லாமல் விட்டால் உள்ளே இருப்பது மண்ணும் இல்லை, பீங்கானும் இல்லை. கல்யாணத்திலிருந்தும் சாவு வீட்டிலிருந்தும் இதைச் சொல்லிவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்த வார்த்தையைப் பொய்யாகச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அக்கா முகம் சுருங்கியது. "மொத எலைல ஒக்காராம போறியேடா" என்றாள். அவளுடைய வீட்டுக்காரர், என் மாமா, "எல பத்தல, நானும் டவுனுக்குத்தான் போறேன், ஏறு" என்று வண்டியைக் கிளப்பினார். நேராக யூனிட் கேட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். நான் கேட்டுக்குள் போவது போலப் போய், அவர் வண்டி திரும்பியதும் வெளியே வந்து, ஜங்ஷன் ரோட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். கழுதை வயதில் இந்தத் திருட்டுத்தனம்.

ஒரு மணிக்கு உட்கார்ந்தேன். பையன்கள் வந்திருந்தார்கள். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு: தோற்றவன் எழுந்து, காத்திருப்பவனுக்கு இடம் விட வேண்டும். அன்றைக்கு ஆறாவதாக ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு மணிக்கு என் சிப்பாய் ஒரு தடவை செத்ததும் உயரமானவன் வந்துவிட்டான்.

"அண்ணே, தோத்துட்டீங்க. எந்திரிங்க."

"யார்கிட்ட தோத்தேன்?"

அவன் யோசித்தான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"யார்கிட்டன்னு சொல்லு, அவன வந்து எந்திரிக்கச் சொல்லச் சொல்லு" என்றேன். மற்ற பையன்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஓனர் கல்லாவிலிருந்து, "ஆறு மணி வரைக்கும் விடுங்கடா அந்த ஆள" என்றார்.

ஏழு தடவை செத்தேன். ஐந்தே கால் இருக்கும், சிப்பாய் மலையின் அந்தப் பக்கம் பாதி இறங்கியிருந்தான், கீழே முகாமின் வெளிச்சம் தெரிந்தது. ஹெட்போன் கேட்காத காதுப் பக்கம் யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பினால் மாமா. கையில் தூக்குவாளி.

பந்தி முடிந்ததும் அக்கா அவரிடம் எனக்குச் சோறு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். யூனிட்டில் வாட்ச்மேன், "சூள ஆறிக்கிட்டு இருக்குது, இன்னைக்கு யாருக்கும் வேல இல்லியே" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருப்பேன் என்பதையும் சொல்லியிருக்கிறார்.

மாமா வந்தால் எழுந்து நிற்பேன். அவருக்கு முன்னால் ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. கால் தானாக எழப்பார்த்தது. அதை அடக்கிக்கொண்டேன்.

"எந்திரி" என்றார்.

"முடியாதுங்க மாமா."

பையன்கள் சுடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"என்னாப்பா இது? யாருக்காக இந்த ஆட்டம்?"

"எனக்காகத்தான் மாமா. ஆறு மணிக்கு அழிச்சிடுவாங்க. முடிச்சிட்டு வந்து என்னா வேணா திட்டு வாங்கிக்கறேன்."

உட்கார்ந்தபடியேதான் சொன்னேன். அவர் வாளியை என் மேசைமேல் வைத்துவிட்டு வாசல் பக்கத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிப்பாய் முகாமுக்குள் போனான். ஒவ்வொருவராக எழுந்து அவனைப் பார்த்தார்கள். யாரோ அவன் பெயரைச் சொன்னார்கள். உயரமானவன் பின்னாலிருந்து, "கதைய தள்ளி விடுங்கண்ணே, எஸ்கேப் அமுக்குனா போயிடும்" என்று கையை நீட்டினான். "தொட்ட, கைய ஒடச்சிடுவேன்" என்றேன். கடைசிவரை பார்த்தேன். பாதி புரியவில்லை, ஆனால் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. நான் தொடங்கினேன், நான் முடித்தேன், நடுவில் ஒருவரும் கை வைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. ஓனர் சிடியோடு வந்து நின்றார். நானே எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன்.

திறக்காத தூக்குவாளியோடு மாமாவின் வண்டியில் திரும்பிப் போனேன். கருவேப்பிலங்குறிச்சியில் வீடு முழுக்க இரண்டு பக்கத்துச் சொந்தங்கள், என் அம்மா, சித்தப்பா, எல்லாரும் இருந்தார்கள். அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். மாமாதான் முந்திக்கொண்டார்.

"சூள வேல கொஞ்சம் லேட்டாதான் முடிஞ்சிச்சி. பாவம், சாப்புடக்கூட இல்ல. எல போடு."

எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா, "எம் புள்ள ஒழச்சே ஓடாயிடுவான்" என்றாள். அக்கா ஓடிப்போய் இலை போட்டாள். என்னைக் காப்பாற்றிவிட்டு, மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அன்றைக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் அந்த ஐந்து மணி நேரத்தையும் யூனிட்டுக்கு எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது ஒன்றுதான் என்னுடையது.

"சூள இல்லக்கா" என்றேன். "சூள நேத்தே முடிஞ்சிச்சி. பொய் சொன்னேன். கம்ப்யூட்டர் கடைல ஒக்காந்து கேம் ஆடிக்கிட்டிருந்தேன்."

"யாரு கூப்புட்டா?" என்றாள் அக்கா. அவளுக்கு நம்ப முடியவில்லை. "எவன்டா ஒன்ன இழுத்துக்கிட்டுப் போனான்?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

அவள் கையில் இருந்த சாம்பார் வாளியை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மாவும் எழுந்து போனாள். வேறு யாரும் பரிமாற வரவில்லை. நானே சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, நானே சாம்பாரை ஊற்றிக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.