பிரசவ வார்டு வாசலில் வாயை மூடச் சொல்கிறவள்

வாயை மூடச் சொல்வதும் கதவை மூடுவதும்தான் ஆஸ்பத்திரி செக்யூரிட்டி வேலை. இரண்டையும் தமிழில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இங்கிலீசில் சொன்னால் கொஞ்ச நேரம் முழிப்பார்கள், அந்த நேரத்துக்குள் நாம் கதவைச் சாத்திவிட வேண்டும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. வில்லாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சேலைக்கு மேலே நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு பிரசவ வார்டு வாசலில் நிற்கிறேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசெல்லாம் காது வழியாக வந்து சேர்ந்ததுதான். நீங்களும் என்றைக்காவது ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக்கிடந்து, எவளோ ஒருத்தி விரலைத் தூக்கி 'உஸ்' என்றதும் பேச்சை முழுங்கியிருப்பீர்கள். அந்த எவளோ ஒருத்தி நான்தான். கோபப்படாமல் இதைக் கேளுங்கள்.

சைலன்ஸ் ப்ளீஸ்

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஆள் கண்ணில் படுவதற்கு முன்னால் சத்தம் வந்துவிட்டது! பிள்ளைத்தாச்சி பேர் செல்வி. அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தது புருஷன் முத்துவும், முத்துவின் அக்கா பாண்டியம்மாவும். பாண்டியம்மா சந்தையில் தக்காளி விற்கிறவள். அந்தக் கடைசியில் நிற்கிற ஆளை இந்தக் கடைசியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. செல்விக்கு இதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமலே போய்விட்டன. இது மூன்றாவது. ஏழாம் மாசத்தில் லேசாக உதிரம் படவும் பதறிப்போய் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"இதையாச்சும் உசுரோட கையில குடுத்துருங்க தாயி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் பாண்டியம்மா. அவளுக்கு அது ரகசியம் பேசுகிற குரல். மேல்மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் சுவரில் மாட்டியிருக்கிற போர்டைக் காட்டி, "சைலன்ஸ் ப்ளீஸ்" என்றேன். அவள் முன்னேயும் பின்னேயும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யாரத்தா இங்க சத்தம் போடுறது? நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே!"

கம்ப்ளீட் பெட் ரெஸ்ட்

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கம்ப்ளீட் பெட் ரெஸ்ட்" என்று சொல்லிவிட்டார். கால் தரையில் படக் கூடாது, குனியக் கூடாது, பிரசவம் வரைக்கும் கட்டில்தான். நாத்து நட்ட உடம்பு அது, எப்படிப் படுத்துக்கிடக்கும்? நான் அந்தப் பக்கம் திரும்பினால் செல்வி இந்தப் பக்கம் எழுந்து தண்ணி ஜக்கைக் கழுவப் போய்விடுவாள். ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரியின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்! வார்டுப் பொறுப்பில் இருக்கிற பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டார். அவர் கத்துகிற ஆள் கிடையாது. மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் வார்டே ஆடிப்போகும். அன்றிலிருந்து நானும் வாசலில் பாதி, அவள் கட்டிலில் பாதி என்று கண்ணைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றேன்.

படுத்தபடியே விட்டத்தைப் பார்த்துச் செல்வி சொன்னாள்: "எங்கப்பன் வீட்டுல விடிஞ்சப்புறம் படுத்திருந்தா வெளக்கமாறு பறக்கும். இங்க எந்திரிச்சாப் பறக்குதுக்கா."

விசிட்டர்ஸ் நாட் அலவ்டு

செல்விக்கு வளையல் போடுகிற நாள் வந்தது. ஆளை வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது என்பதால், வீடே லோடு ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தட்டு நிறையக் கண்ணாடி வளையல். நான் கதவின் குறுக்கே நின்று, "விசிட்டர்ஸ் நாட் அலவ்டு. ஒரு பேஷண்டுக்கு ஒரு பாஸ்தான்" என்றேன். பாண்டியம்மா சண்டைக்கு வருவாள் என்று இடுப்பில் கையை வைத்துத் தயாராக நின்றேன். அவளோ, "அம்புட்டுத்தானே?" என்று சிரித்தாள்.

கழுத்தில் மாட்டுகிற பாஸ் அட்டை ஒன்று. முதலில் பாண்டியம்மா மாட்டிக்கொண்டு உள்ளே போனாள், வளையலைப் போட்டாள், கன்னத்தில் சந்தனம் தடவினாள், வெளியே வந்து பாஸை அடுத்தவள் கழுத்தில் மாட்டினாள். அவள் வந்து அடுத்தவள் கழுத்தில். கல்யாணத்தில்கூட இம்புட்டு மாலை மாற்றிப் பார்த்ததில்லை! ஒரு நேரத்தில் உள்ளே ஒரு ஆள்தான். சட்டப்படி நான் வாயைத் திறக்க வழியே இல்லை. ஆனால் வளையலுக்கு வாய் இருக்கிறதே. வார்டு முழுக்கக் கலகலவென்று சத்தம். பெரிய சிஸ்டர் விறுவிறுவென்று வந்தார். செல்வியின் கையைப் பார்த்தார், வாசலில் நிற்கிற வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போச்சுடா என்று நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ட்ரிப்ஸ் ஏத்துற கையில போட வேணாம்னு சொல்லுங்க. மத்த கையில எடம் இருக்கு."

அப்சர்வேஷன்

எட்டாம் மாசம் முடிகிற சமயம். காலையில் நான் டூட்டிக்கு வரும்போது செல்வி கட்டிலில் இல்லை. பிரஷர் ஏறிவிட்டதாம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், "அப்சர்வேஷன்ல வச்சிருக்கோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதவுக்குள் யாரையும் விட எனக்கும் அதிகாரம் கிடையாது.

வெளியே பெஞ்சில் முத்து, பாண்டியம்மா, இன்னும் நாலைந்து பெண்கள், பக்கத்தில் வெள்ளைத்துண்டோடு செல்வியின் மாமனார். ஊரில் எந்த வீட்டில் நல்லது நடந்தாலும் முதல் குலவை பாண்டியம்மா நாக்கில்தான் கிளம்புமாம். தம்பி வீட்டுக்கு மட்டும் இரண்டு தடவையும் போட முடியாமல் போய்விட்டது. இப்போது வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. டீ வாங்கிக்கொடுத்தேன், ஆறிப்போனது. முத்து என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான்: "யக்கா, டாக்டர் சொன்னதுக்கெல்லாம் நான் பயப்படல. எங்க அக்கா பேசாம இருக்கு பாருங்க, அதான் பயமா இருக்கு. எதையாச்சும் சொல்லி அது வாயக் கெளப்பி விடுங்க."

ஷட் அப்

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செல்வியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அத்தனை பேர் காதும் அந்தக் கதவிலேயே ஒட்டிக்கொண்டது. என் காதும்தான். நாள் முழுக்கச் சத்தத்தை அடக்குகிற நான், ஒரே ஒரு சத்தம் வரட்டும் மீனாட்சித் தாயே என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

வந்தது பாருங்கள் ஒரு வீறல்! கோழிக்குஞ்சுக் குரல்தான், ஆனால் சுவரே கேட்டிருக்கும். பெரிய சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் பச்சைத் துணி, அதற்குள் செக்கச்செவேலென்று ஒரு முகம். "பொம்பளப் பிள்ளை. எடை கொஞ்சம் கம்மி, ஆனா நல்லா இருக்கா. அம்மாவும் நல்லா இருக்காங்க" என்றார். முத்து அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். பாண்டியம்மா எழுந்தாள், முந்தானையைச் செருகினாள், நாக்கைச் சுழட்ட வாயைத் திறந்தாள்.

"ஏய், நிறுத்து!" மாமனார் கையைத் தூக்கினார். "நம்ம வீட்டுல பொட்டப் பிள்ளைக்கு என்னைக்கு குலவை போட்டாக? ஆம்பளப் பிள்ளைக்குத்தான் போடுறது. எல்லாரும் வாய மூடிக்கிட்டு உக்காருங்க."

திறந்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. பாண்டியம்மாவுக்குக் கண்ணில் தண்ணி முட்டியது, பெத்த அப்பன் சொல்லாச்சே, செருகின முந்தானையை உருவி மறுபடியும் வாயில் வைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தமே போடாத பெரிய சிஸ்டர், பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஷட் அப்!" என்றார். அதட்டலா அது, இடி! மனுஷன் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்தார். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "வார்டுக் கதவு ரெண்டையும் சாத்துங்க" என்றார். பிள்ளையை உள்ளே இருந்த நர்சிடம் கொடுத்து அந்தக் கதவையும் இழுத்துச் சாத்தினார். பிறகு பாண்டியம்மாவைப் பார்த்து, "இப்பப் போடுங்க" என்றார்.

போட்டாள் பாருங்கள்! மூன்று பிள்ளைக்கான குலவையும் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது. மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். லிப்ட்டுக்குக் காத்திருந்த யாரோ ஒருத்தி, யாருக்கு என்ன பிள்ளை என்றுகூடக் கேட்கவில்லை, அவளும் போட்டாள். யூனிபார்மை மறந்து நானும் போட்டேன். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு, கண்ணாடி வழியாக அந்தப் பச்சைத் துணியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்ற மாமனார் மெதுவாக என்னிடம் வந்தார். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இங்குமங்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தச் சிஸ்டரம்மா என்னைய வைஞ்சத எம் பேத்திக்கிட்ட மட்டும் யாரும் சொல்லிராதீக தாயி."

இத்தனை வருஷமாக வாயை மூடச் சொல்லியே சம்பளம் வாங்குகிறேன், மூட வேண்டிய வாயைச் சரியாகப் பார்த்து ஒருத்தர் மூடினதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.