ரோசாப்பூ போடக்கூடாத குரூப்

குற்றாலம் பேரருவியில் என் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் துண்டைப் பிடித்தபடி நான் கரையில் நின்றேன். சாரல் யாரையும் கேட்காமல் எல்லாரையும் நனைத்தது. பக்கத்தில் அருவிக் காவலாளி. நரைத்த மீசை, கழுத்தில் விசில், பிளாஸ்டிக் உறைக்குள் போன். உறையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வாட்ஸப்பா, அண்ணாச்சி?”

“ஆமா. மலைமேல காவல் இருக்கவுக, எல்லா அருவிக்காரங்களும் இந்தக் குரூப்புலதான். குட்மார்னிங், ரோசாப்பூ போட்டா தூக்கிருவேன். பூவுக்குள்ள தண்ணிச் சேதி முங்கிரும்லா? என் மச்சானையே தூக்கிட்டேன். இப்பம் வீட்டுக்கே வரமாட்டேங்கான்.”

நான் சிரித்து முடிப்பதற்குள் குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அவர் தட்ட, போன் பேசியது: “மேல தண்ணி செவப்பா வருது, ஆளுகள ஏத்துங்க!”

விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். “யம்மா, சோப்பு கெடக்கட்டும், வெளிய வாங்க!”

கடைசியாக ஏறியவள் என் மனைவி. அவள் ஈரக் கையைப் பிடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தால், மலையே கரைந்து இறங்குவதுபோல் அருவி செம்பழுப்பாகக் கொட்டியது.

“உங்க குரூப்புக்கு நன்றி சொல்லணும், அண்ணாச்சி.”

“எங்கிட்ட சொல்லுங்க. குரூப்புல போட்டுராதீக,” என்றார், உறையைத் துடைத்தபடி.

ஊர் திரும்பியதும் அலுவலகக் குரூப்பில் வந்து குவிந்திருந்த ரோசாப்பூக்களை அழித்தேன். அந்த மச்சான் இந்நேரம் கோபம் தணிந்து வீட்டுக்கு வந்திருப்பாரா?