பேருக்கு ஒரு ரெப்

எங்கள் ஊரில் ரெப் என்றால் ஒரே ஒரு ஆள்தான். கழுத்தில் டை, கையில் கனத்த தோல் பை, டாக்டர் வீட்டு வராந்தாவில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும் மருந்துக் கம்பெனிக்காரர். அதனால்தான் ஜெர்மனியிலிருந்து கடைக்கார அம்மாள் அனுப்பிய மின்னஞ்சலில் ‘ஆதரைஸ்டு ரெப்ரசன்டேட்டிவ்’ என்ற சொல்லைக் கண்டதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஆமைய விக்கதுக்கு ரெப்பா? கொள்ளாமே, நல்லாருக்கே!”

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆமை என்றால் நூல் ஆமை. இரண்டாயிரத்துப் பத்து கழிந்த சமயம் அது. புதுக்கடை சந்திப்பில் ஓர் உரக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, கொக்கி ஊசியால் பொம்மை பின்னும் வேலை நடத்திக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் பக்கத்துக் கரை ஊர்களிலிருந்தும் பெண்கள் பஸ்ஸில் வருவார்கள். கை பாட்டுக்குப் பின்னும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். மீன், யானை, கோழி எல்லாம் செய்து பார்த்தோம். ஜெர்மனிக்காரர்களுக்குப் பிடித்தது ஆமைதான். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜெர்மனியில் ஆமையை வாங்கி விற்கும் கடையை எங்களுக்குப் பிடித்துத் தந்தவள் என் தங்கச்சி. கன்னியாஸ்திரி. அங்கே ஒரு மடத்தில் இருந்தாள். மடத்தின் முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிப் பார்த்துக்கொள்ளும் வேலை. அம்மாவுக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. பெற்ற மகளையே ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவாள். தங்கச்சிக்கு அடுத்த ஆண்டு நித்திய வார்த்தைப்பாடு. அதுவரை சில ஆண்டுகளுக்கு என்று கொடுத்துவந்த வாக்கை, சாகும்வரைக்கும் என்று கொடுக்கும் நாள். அதற்கு முன் மடத்துத் தலைவியான மதரும் மற்றப் பெரியவர்களும் கூடி, இவளை ஏற்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பார்கள். அனுப்பிவிட்டால் தீர்ந்தது. மடத்திலிருந்து திரும்பி வந்த பெண்ணை எங்கள் கரையில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் ஒருத்தி வெந்துபோனதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கடைக்கார அம்மாள் எழுதியிருந்தது இதுதான். குழந்தைகள் விளையாடுகிற பொருள் என்றால் சோதனை செய்து சிஇ முத்திரை போட வேண்டும். செய்கிறவர்கள் இந்தியாவில் இருப்பதால், ஐரோப்பாவில் ஒருவரை எழுத்து மூலமாக நியமித்து, அவர் பெயரையும் முகவரியையும் பொம்மையில் தைக்கும் துணிச்சீட்டில் அச்சிட வேண்டும். அதை வேலையாகவே செய்யும் கம்பெனிகள் அங்கே உண்டு. அவர்கள் கேட்ட கட்டணத்துக்கு நாங்கள் ஆமையை விற்பதைவிட ஆற்றில் விடலாம்.

“ஒனக்க தங்கச்சி அங்கதானே இருக்கா? அவ பேரப் போடு. சும்ம பேருக்குத்தானே,” என்றார் வீட்டுக்காரர்.

பேருக்கு. இந்த ஒரு சொல் எங்கள் ஊரில் எத்தனை வேலை செய்கிறது! கல்யாண அழைப்பிதழில் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவின் பெயர் பேருக்கு இருக்கும். படகுக்குச் சொந்தக்காரன் என்று கல்ஃபில் இருக்கிறவன் பேருக்கு இருப்பான். கடலுக்குப் போகிறவன் வேறு ஆள். சங்கத்துக்குப் பேருக்கு ஒரு தலைவர் இருப்பார். பெயரைக் கொடுப்பது ஒரு பிரியம், அவ்வளவுதான். யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தபோது கேட்டேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

“எனக்க பேரு ஆமைக்க வயித்துல இருக்குமா? கிறிஸ்மஸுக்கு எல்லாப் பிள்ளையளும் கையில வச்சிருக்கும்லா எக்கா! மதர்ட்ட ஒரு வார்த்தை சொல்லணுமோ?”

“இதுக்கெல்லாமா மதரு? சும்ம பேருக்குத்தான் மக்கா.”

நான் அனுப்பிய நியமனத் தாளில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். சென்னையில் ஆமையைச் சோதித்துப் பார்த்து, காலை இழுத்து, கண்ணை இழுத்து, சரி என்று சான்று கொடுத்தார்கள். பெட்டிகள் கப்பலேறின. இரண்டாவது லோடுக்குக் கண்ணுக்கு வைக்கும் கறுப்பு மணி தீர்ந்துபோனது. பழைய கடையில் சரக்கு இல்லை. வீட்டுக்காரர் கோட்டாறு போய் வேறு மணி வாங்கி வந்தார். அதே கறுப்பு, அதே பளபளப்பு. தைத்தோம், அனுப்பினோம், மறந்தும் போனோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது. அவள் ஞாயிறு தவிர வேறு நாள் கூப்பிடுகிறவள் இல்லை.

“எக்கா, இங்க சர்க்கார் ஆபீஸ்ல இருந்து மடத்துக்கு லெட்டர் வந்திருக்கு. எனக்க பேருக்கு. மதர்தான் பிரிச்சாவ.”

ஒரு வீட்டில் கைப்பிள்ளை ஆமையின் கண்ணைக் கடித்துப் பிடுங்கி வாயில் போட்டுவிட்டது. தாய் பார்த்து, விரலை விட்டு எடுத்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் பொம்மையை அப்படியே கொண்டுபோய்ப் பொருள்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள். அவர்கள் துணிச்சீட்டைப் பார்த்தார்கள். அதில் இருந்தது என் தங்கச்சியின் பெயர்.

“அது டெஸ்ட் பண்ணின கண்ணுதானே எக்கா? நான்தான் பதில் சொல்லணுமாம். வெள்ளிக்கிழம நேர்ல வரச் சொல்லியிருக்காவ.”

“பாத்துச் சொல்லுகேன்,” என்று வைத்துவிட்டேன். மாதாவே! என் மகளும் கையில் கிடைத்ததையெல்லாம் கடித்த பிள்ளைதான். அந்தத் தாயின் விரல் ஒரு நொடி பிந்தியிருந்தால்? பெட்டியிலிருந்து ஓர் ஆமையை எடுத்துக் கண்ணைப் பிடித்து இழுத்தேன். முதல் இழுப்பில் அசையவில்லை. விடாமல் இழுத்தேன். கையோடு வந்தது. மணியின் துளையில் நகத்தை வைத்துப் பார்த்தால், விளிம்பு பிளேடாக இருந்தது. நூலை அதுவே மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“ரெண்டும் கறுப்புதானே ஏட்டி?” என்றார் வீட்டுக்காரர்.

“உங்க தலையில கொள்ளி வைக்க! கறுப்புன்னா எல்லாம் ஒண்ணா?” என்று கத்தினேன். மாடியில் பின்னிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

தூத்துக்குடியில் எங்கள் சரக்கைக் கப்பலேற்றித் தரும் ஏஜெண்டைப் போனில் பிடித்தேன். நிதானமான மனிதர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“யம்மா, ரெப்புன்னா சரக்கு விக்கிற ஆளு இல்ல. ஜாமீன் நிக்கிற ஆளுன்னு வச்சிக்கோங்க. தப்பு நடந்தா ஒங்கள அவங்களால புடிக்க முடியாதுல்லா? அதுக்குத்தான் அங்க ஒரு ஆளு. டெஸ்ட் பேப்பர், மத்த பேப்பர் எல்லாம் பத்து வருஷம் அவங்கதான் வச்சிருக்கணும், கேட்டாக் காட்டணும்.”

ஜாமீன்! ஜாமீன் என்றால் என்ன என்று எங்கள் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜாமீன் நின்று வீட்டை இழந்தவனைத் தெரியும், ஸ்டேஷன் வாசலில் கிடந்தவனைத் தெரியும். ரெப் என்று எழுதாமல் ஜாமீன் என்று எழுதியிருந்தால் நான் அவளைக் கேட்டிருப்பேனா? செத்தாலும் கேட்டிருக்க மாட்டேன். முதியோர் இல்லத்தில் மலம் துடைத்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தவளை, பார்த்தே இராத ஆமைக்கு ஜாமீனாக நிறுத்திவிட்டோம்.

“இப்ப என்ன செய்ய?” என்றேன்.

“அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, நாங்களாத்தான் பேரப் போட்டோம்னு நீங்க எழுதிக் குடுத்துருங்க. அவங்களும் அப்படியே சொல்லட்டும். ஒங்க யாவாரம் போவும். ஆளு தப்பிச்சிருவாங்க.”

வியாபாரம் போகட்டும், மயிரே போச்சு. அன்றைக்கே தங்கச்சியைக் கூப்பிட்டேன். மணி மாறிப்போனதைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். பிறகு ஏஜெண்ட் சொன்னதைச் சொன்னேன்.

“எனக்குத் தெரியாதுன்னு சொல்லு மக்கா. அக்கா என்னக் கேக்காமப் போட்டுட்டான்னு சொல்லு. அப்பிடித்தான் நானும் எழுதித் தாறேன்.”

“சரி எக்கா, வைக்கேன்,” என்றாள். எதற்குச் சரி என்று எனக்குப் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் பட்ட வெப்ராளம் பகையாளிக்கும் வரக்கூடாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அப்படி ஆகிப்போனேன். மாடிப்படியில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டால் போலீஸ் என்று எட்டிப் பார்ப்பேன். ஒருமுறை உரக்கடைக்காரர் வாடகை விஷயமாக ஏறி வந்ததற்கு நான் எழுந்து கை கட்டி நின்றேன். அவளுக்கு அங்கே விலங்கு போடுவார்களா, விமானம் ஏற்றிவிடுவார்களா, மதர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா என்று நினைத்து நினைத்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. வேலைக்கு வந்த பெண்களை, இந்த வாரம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். இது எதுவும் அறியாமல் அம்மா என்னிடம் கேட்கிறாள்:

“சிஸ்டருக்க வார்த்தைப்பாட்டுக்குப் போவ எனக்கு விசா கிட்டுமா மக்களே? அங்க குளிரும்லா, ஒரு சொட்டர் வாங்கணும்.”

நான் அடுக்களைக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. மணிச்சத்தம் ஓயும்வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்காரர்தான் மறுபடி அடித்தபோது எடுத்து என் காதில் வைத்தார்.

“போனேன் எக்கா. மதரும் வந்தாவ. அந்த ஆபீசர் நல்ல மனுசன். ஒன்னக் கேக்காம ஒனக்க பேரப் போட்டாவளான்னு அவராவே கேட்டாரு. ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். மதரும் எனக்க முகத்தையே பாத்துட்டு இருந்தாவ.”

“சொன்னியா?”

“இல்ல எக்கா. கையெழுத்து எனக்கதுதான்னு சொன்னேன். கண்ணு மாறினதையும் சொன்னேன்.”

அவளே மிச்சத்தையும் சொன்னாள். கடையில் இருந்த ஆமைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். வாங்கிப்போனவர்கள் திருப்பித் தரும்படி கடை வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இனி எங்கள் பொம்மை அங்கே போகாது. அவளைக் கைது செய்யவில்லை, ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னதற்கு அந்த அதிகாரி கைகொடுத்து அனுப்பினாராம். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

“மாதா காப்பாத்தினா. மதர் என்ன சொன்னாவ?”

“வார்த்தைப்பாடு அடுத்த வருஷம் இல்ல எக்கா. தள்ளி வச்சிட்டாவ. அதுக்குப் பெறவு பாக்கலாம்னு சொல்லியிருக்காவ. மதர் திட்டல்ல. ஒண்ணுதான் கேட்டாவ. சாவது வரைக்கும்னு கையெழுத்துப் போடப் போறவ, என்ன ஏதுன்னு வாசிக்காமப் போடுவியான்னு கேட்டாவ.”

நான் உடைந்து அழுதேன். வீட்டுக்காரர் போனைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி செத்தாலும் அவளிடம் எதையும் கேட்க மாட்டேன் என்று மாதா மேல் ஆணையிட்டேன்.

“ஆமா எக்கா, கேக்காத,” என்றாள். “நீ கேட்டா நான் பெறவும் போட்டிருவேன். அப்பவும் வாசிக்க மாட்டேன்.”

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த வாரம் முழுக்க நான் பட்ட பயமெல்லாம் அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.