காலண்டருக்கு ‘ஏ’ போட்ட கதை

இரும்பு உருளையை ஏற்றிவரத் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு மாட்டுவண்டியோடு நான்கு பேர் போனார்கள். மெஷின்காரர் முத்தையா அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

“கிராணியாரே, சீமையில இரும்பு ரொம்ப எளைச்சுப் போச்சு போலிருக்கு” என்று என் மேசைமேல் வைத்தார்.

காகிதச் சுருள். பிரித்தால் சுவரில் மாட்டும் காலண்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீமாட்டி நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் அப்போது சிங்கப்பூரில் ஒரு நீராவிச் சலவைக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்குப் பரிசு வாங்கிய திமிர் இன்னும் இறங்கவில்லை. கப்பல்களின் விரிப்புகளும் ஹோட்டல் மேசைத்துணிகளும் எங்களிடம் வரும். துவைத்த துணியைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுருக்கம் எடுக்கும் மெஷினுக்குக் காலண்டர் என்று பெயர். மெஷின் அறை புழுங்கும் என்று ஒரு வருஷமாக நான் அங்கே எட்டிக்கூடப் பார்த்ததில்லை; அதற்கு அப்படியொரு பெயர் இருப்பதும் தெரியாது.

அதன் உருளை ஒன்று விரிசல் விட்டது. லண்டனுக்கு எழுதச்சொல்லித் துரை துண்டுச்சீட்டு கொடுத்தார்: ‘காலண்டர் ரோல், ஒன்று.’ காலண்டரில் கடைசி எழுத்துக்கு முன்னால் ‘ஏ’ வரவேண்டிய இடத்தில் ‘ஈ’ இருந்தது. வெள்ளைக்காரனுக்கே ஸ்பெல்லிங் வரவில்லையே என்று உச்சுக்கொட்டித் திருத்தினேன். ஒற்றைக் காலண்டருக்காக யாராவது லண்டன் வரை எழுதுவார்களா? ஆகவே ‘காலண்டர்கள், ஒரு சுருள்’ என்று டைப் அடித்தேன். துரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

சுருள் வந்ததற்கு முந்தின நாள்தான், முத்தையா அதுவரை பக்குவமாக ஓட்டிவந்த பழைய உருளை இரண்டாக உடைந்திருந்தது. துரை சுருளைப் பார்த்தார். லண்டன்காரர்களின் மூளையைப் பற்றி வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “இன்னும் மூன்று மாதம் மெஷின் ஓடாது. முத்தையாவும் அவன் ஆட்கள் ஐந்து பேரும் நாளையிலிருந்து வரவேண்டாமென்று சொல்” என்றார்.

முத்தையாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. “துரை என்ன சொல்றாரு?” என்று என்னைக் கேட்டார்.

கடித நகலை எடுத்துத் துரையின் முன் வைத்தேன். “பிழை என்னுடையது. அனுப்புவதென்றால் என்னை அனுப்புங்கள்” என்றேன்.

படிக்கப் படிக்கத் துரையின் முகம் சிவந்தது. அடியில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் சிவப்பு மெல்ல இறங்கியது. அகராதியை என் முன் போட்டார்.

பார்த்தேன். ‘ஈ’ போட்ட காலண்டர், உருளை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். சிலிண்டரும் அதே வம்சம். சுவர்க் காலண்டர், மாதத்தின் முதல் நாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

முத்தையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உருளையா? நாங்க அதை உருளைன்னுதானே சொல்றோம்! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேக்காதது என்ர மடத்தனம் அண்ணை.”

யாருக்கும் வேலை போகவில்லை. புது உருளை வரும்வரை கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் தேய்ப்பதென்று துரை முடிவு செய்தார். ஆறு பேருக்கு ஏழு பெட்டிகள் வந்தன. ஏழாவது யாருக்கென்று நான் கேட்கவில்லை.

புதிதாகக் கிராணி வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பொருளின் பெயரைத் திருத்துமுன் எழுந்துபோய் அந்தப் பொருளைப் பாருங்கள். பார்த்தும் விளங்காவிட்டால், அதோடு மாரடிக்கிறவரைக் கேளுங்கள். புழுக்கத்தால் யாரும் செத்துப்போவதில்லை. மூன்று மாதம் அங்கே நின்று தேய்த்தவன் சொல்கிறேன்.